பொய் இரை

கரம்பொன் என்று எங்கள் ஊரின் பெயரைச் சொன்னால், தமிழறிந்தோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தனிநாயகம் அடிகள். 1913 இல் அங்கு பிறந்தவர். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்னின்றவர். அவரைப் பற்றிப் பெருமையோடு நாலு வரி எழுதிவிட்டு அப்பால் நகர்வதுதான் எங்கள் ஊரைப் பற்றி எழுதுவோரின் வழக்கம். பத்திரிகையில் நானும் பல தடவை அதையே செய்திருக்கிறேன். ஆனால், உள்ளதைச் சொல்வதானால், அந்தப் பெயரைக் கேட்டதும் என் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது ஒரு மீன்.

கொடுவா என்பது அதன் பெயர். சிங்களவர் மோதா என்பர். வங்காளிகள் பேட்கி என்பர். அவுஸ்திரேலியர் பரமண்டி என்பர். ஆங்கில நூல்களில் ஆசியக் கடல் பாஸ் என்று எழுதியிருக்கும். கடலிலும் வாழும், உவர்நீர்க் களப்பிலும் வாழும், ஆற்றில் ஏறி நன்னீரிலும் வாழும். பெருத்த வாய், குழிந்த நெற்றி, இரவில் வெளிச்சம் பட்டால் தணல் போலச் சிவந்து மின்னும் கண்கள். ஓடித் துரத்தி வேட்டையாடும் பழக்கம் அதற்கு அதிகமில்லை. மதகின் நிழலிலோ கண்டல் வேரின் ஓரத்திலோ அசையாமல் காத்து நிற்கும். சிறுமீன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் வாயை அகலத் திறக்கும். நீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். அப்போது எழும் 'டொப்' என்ற ஓசையை ஒரு தடவை கேட்டவன் ஆயுளில் மறக்கமாட்டான்.

நான் அதை முதன்முதலில் கேட்டது 1980 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

என் பெரியப்பா இளைப்பாறிய தபாலதிபர். கடற்றொழில் அவருக்குத் தொழிலன்று, பித்து. நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று வைத்திருந்தார். காற்று எந்தத் திசை, நிலவு எத்தனையாம் நாள், நீர் தெளிவா கலங்கலா, பெருக்கா வற்றா, எந்த இரைக்கு என்ன மீன் என்றெல்லாம், தபாற்கந்தோர்க் கணக்கு எழுதுவது போன்ற ஒழுங்கோடு அதில் எழுதிவைப்பார். உயிருள்ள இறாலும் மணலைக் குஞ்சும் கிடைக்காத நாட்களுக்கென்று தம் கையாலேயே ஒரு பொய் இரை செய்திருந்தார். விரல் நீளத்துக்கு முள்முருக்கங் கட்டையை மீன் வடிவில் சீவி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி ஒட்டி, வாலுக்கு வெள்ளைச் சேவலின் இறகு இரண்டு கட்டியிருப்பார். இழுக்கும்போது அது நேராக வராது. குடித்தவனைப் போலத் தள்ளாடி வரும். "வடிவாய் நீந்திற மீனைக் கொடுவா பாக்காது. நொண்டி வாறதைத்தான் பாக்கும்" என்பார்.

பல ஆண்டுகளின் பின்னர், பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரப்பாலாவைப் பற்றி வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. 1936 இல் அவர் தக்கையைச் சீவி, சொக்கிலேற் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளை மேலே பூசித் தம் முதலாவது பொய் இரையைச் செய்தாராம். காயம்பட்ட சிறுமீனைப் போல அது தள்ளாட வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாகவும் இருந்தது. 1962 இல் அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகை அதைப் பற்றி எழுதியபின் உலகமெங்கும் விலைப்பட்டது. பின்லாந்தைத் தபால் முத்திரையில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய பெரியப்பா, கரம்பொன் திண்ணையில் இருந்தபடி அதே முடிவுக்கு வந்திருந்தார்.

அந்த ஆவணியில் ஈயத்தாள் மீனுக்கு ஒரு பெருங்கொடுவா பட்டது. இரண்டு முழத்துக்கு மேலிருக்கும். தடியில் கோத்து இருவர் தோளில் காவிவந்தார்கள். நான் முன்னால் ஓடினேன். வயிறு நிறையச் சினை இருந்தது. பெரியம்மா அதைப் பொரித்து அயலெல்லாம் கொடுத்தனுப்பினார். மறுநாள் முழுவதும் எங்கள் ஒழுங்கையில் அதே பேச்சு. முன்னோர்கள் எல்லாம் அறிந்து அளவோடு பிடித்தார்கள் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி எந்த விரதமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மீன் நிறைய இருந்தது. இயந்திரம் குறைவாக இருந்தது. அவ்வளவுதான்.

1990 ஓகஸ்டில் படையினர் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது ஊர் கலைந்தது. பெரியப்பா காணி உறுதிகளை எடுத்தார், பெரியம்மாவின் மருந்துகளை எடுத்தார். நீலக் கொப்பி மேசை இலாச்சியிலேயே கிடந்துவிட்டது. இடம்பெயர்ந்த வீட்டில் கண்மூடும் வரைக்கும், விட்டுவந்த வீட்டைப் பற்றிச் சொல்லாத அவர், அந்தக் கொப்பியைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

2024 இல் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்திருந்தார். நானும் கொழும்பிலிருந்து போயிருந்தேன். ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு திருவிழா நிறைவெய்தியது. மறுநாள் அவர் என் கையில் தந்தது ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும், மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய ஒரு தூண்டில் தடியும். பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டு அறைகளில் பன்னிரண்டு பொய் இரைகள்.

கனடாவில் மச்சானுக்குக் கோடைகால ஞாயிறுகள் சிம்கோ ஏரியில்தான் கழிகின்றன. ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் அந்த ஏரி ஏறத்தாழ 740 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மிக ஆழமான இடத்தில் 41 மீற்றர். அங்கே அவர் பிடிப்பது பாஸ் என்ற நன்னீர் மீன். பெயரளவில்தான் அது கொடுவாவுக்கு உறவு. கோடை முடியும் காலத்தில் ஏரியின் மேல்நீர் சூடேறிவிடுமாம். குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும். பாஸ் மீன்கள் ஆழமான கற்பார்களின் ஓரங்களுக்கு இறங்கிவிடும். எனவே, அடிமண்ணில் மெல்ல ஊர்ந்து வரும் றப்பர் இரைகளையும், நீளமான தாடைத்தகடு பொருத்தி ஆழம் போகும் மீன் வடிவங்களையும் தெரிவுசெய்ய வேண்டும். விடியலிலும் மைம்மலிலும் மட்டும் மீன் மேலே வரும். அப்போது நீர்மேல் துள்ளும் இரை போதும். இவ்வளவையும் ஒரு பேராசிரியரின் பொறுமையோடு எனக்கு விளக்கிவிட்டு, "உங்கடை கொடுவாவுக்கு எது சரிவரும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் விடியமுன்னர், அந்தப் பெட்டியோடு கரம்பொன் கரைக்குப் போனேன். என்னோடு படித்த ஒருவரின் மகன் வள்ளத்தோடு காத்திருந்தான். இருபத்தாறு வயது. அவன் என்னை மாமா என்பான். நான் தம்பி என்பேன். இங்கும் தம்பி என்றே எழுதுகிறேன்.

களப்பின் கோடை ஏரியின் கோடையைப் போன்றதன்று. வைகாசியில் எழும் சோளகம் ஆவணிக் கடைசியில் களைத்துப்போகும். பகலில் வீசும், இரவு முதிர ஓய்ந்து, விடியலில் இலைகூட அசையாது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றைத் தீவின் நிலமே தடுத்துவிடுவதால், வடக்கே காரைநகரைப் பார்த்துக் கிடக்கும் எங்கள் கரையில் நீர் தெளிந்திருக்கும். வாடை எழுந்த பின்னர் இதே கரைதான் அலையில் குழம்பும். பல மாதம் மழையில்லாமல் வெயில் குடித்த நீர் உப்புக் கரித்து, வற்றி, சூடேறிக் கிடக்கும். பெரும்பகுதி ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் ஆழமில்லை. ஒளிந்துகொள்ள ஏரி மீனுக்கு ஆழம் உண்டு. களப்பு மீனுக்கு நிழலும் ஓட்டமும்தான் உண்டு. ஆகவே வெயில் ஏறியதும் கொடுவா கடலோடு நீர் மாறும் வாய்க்காலுக்கும் பாலத்தடிக்கும் போய்விடும். அமாவாசையையும் பறுவத்தையும் அடுத்த நாட்களில் ஓட்டம் பலமாக இருக்கும். வற்று நீர் சிறுமீனை இழுத்துவரும் வழியில் அது வாய்பார்த்து நிற்கும்.

கடற்கோட்டை தூரத்தில் கறுத்துத் தெரிந்தது. ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல், பன்றித்தொடையின் குதி, என்று பெயரிட்டார்கள். தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீளக் கம்பை ஊன்றி வள்ளத்தைத் தள்ளினான். நான் பெட்டியைத் திறந்தேன்.

முதலில் ஆழம் போகும் இரையைப் போட்டேன். நாலடி நீரில் அது மண்ணை உழுது, சாதாளையை வாரிக்கொண்டு வந்தது. ஊரும் றப்பர்ப் புழுவைப் போட்டேன். நண்டொன்று அதன் வாலைக் கத்தரித்துவிட்டது. வெள்ளிக் கரண்டி போன்ற தகடு தெளிந்த நீரில் கண்ணாடி போல மின்னி, இருந்த மீனையும் கலைத்திருக்கும். தம்பி ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பெரியப்பாவின் கொப்பி மனத்தில் புரண்டது. தெளிந்த நீருக்கு வெள்ளை, மெதுவாக. கலங்கல் நீருக்குக் கறுப்பு அல்லது பொன்னிறம். அதிர்ந்து ஓசையிட்டு வரவேண்டும். கண் தெரியாத இடத்தில் கொடுவா, உடலின் பக்கக்கோட்டால் அதிர்வை உணர்ந்துதான் இரையைத் தேடும். விடியலில் மேல்நீர், வெயில் ஏறினால் நடுநீர். இழுத்து நிறுத்து, நிறுத்தும் போதுதான் அடிக்கும். கொடுவாவின் செவுள்மூடி கத்தி போன்றது, மெல்லிய தங்கூசியை அறுத்துவிடும். எனவே கடைசி இரண்டடிக்குத் தடித்ததைக் கட்டு. எழுதிய தாள் எங்கோ மண்ணாகியிருக்கும். ஆனால், எழுதியவர் அருகில் இருத்திச் சொல்லித் தந்தவை எஞ்சியிருந்தன.

பன்னிரண்டில் ஒன்று, சாணை விட நீளமான வெள்ளை மீன் வடிவம். தாடைத்தகடு சிறியது, இழுத்தால் ஒன்றிரண்டு அடிக்கு மேல் இறங்காது, நிறுத்தினால் மெல்ல மேலெழுந்து தள்ளாடும். அதைக் கட்டினேன். வற்று நீர் ஓடத் தொடங்கியிருந்தது. ஓட்டத்துக்குக் குறுக்கே எறிந்து, மூன்று சுற்று இழுத்து, நிறுத்தினேன்.

டொப்.

நாற்பத்து நாலு வருடங்கள் எங்கே போயினவோ தெரியாது. தடி வளைந்தது. மீன் இரண்டு தடவை வாயைத் திறந்தபடி நீருக்கு மேலே எழுந்து தலையை உதறியது. கால் மணித்தியாலம் இருக்கலாம். தம்பி குனிந்து, தாடையில் பிடித்து வள்ளத்துக்குள் தூக்கினான். இரண்டு முழம் நிறைவாக இருந்தது. எட்டு ஒன்பது கிலோ வரும்.

"விட்டிடுவம் தம்பி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பகிடி விடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பான்.

நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வாழ்வைத் தொடங்குகிறது. மூன்று நாலு வயதில் ஆணாக முதிர்ந்து, பின்னர் ஆறேழு எட்டு வயதளவில், 85 முதல் 100 சென்ரிமீற்றர் வரை வளரும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே களப்பில் பெருத்துத் திரியும் கொடுவா அநேகமாக ஒரு தாய். பல மில்லியன் முட்டைகளை ஒரே மீன் இடும். ஐப்பசி மழைக்குப் பிறகு நீர் தணியும்போது குஞ்சுகள் உள்நீருக்கு ஏறும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் வைத்திருக்க முடியாது, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் வைத்திருக்க முடியாது. மச்சானின் ஒன்ராறியோவில் வேறொரு நியாயம். அங்கே பாஸ் மீனின் கூட்டைக் காவல்காப்பது தகப்பன் மீன். அதைப் பிடித்துவிட்டால் முட்டைகளை வேறு மீன்கள் தின்றுவிடும் என்பதால் வசந்தத்தில் பாஸ் பிடிக்கத் தடை. அங்கே தகப்பனுக்கு ஒரு காவல், இன்னொரு நாட்டில் தாய்க்கு ஒரு காவல். எங்கள் கடற்கோட்டையடியில் அளவுகோல் பிடித்து நிற்பார் எவருமில்லை.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டான். பிறகு சொன்னான்:

"நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும் மாமா. கிலோ ஆயிரத்துக்கு மேலை போகுது. இந்த ஒரு மீன் எனக்கு ஒரு கிழமை. மாசியிலை இழுவைப் படகு என்ரை வலையை அறுத்துக்கொண்டு போகேக்கை, அதுக்குள்ளை எத்தனை தாய் எண்டு ஆரும் எண்ணினவையே?"

நான் பேசவில்லை. இலங்கை 2017 இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் வலையை விட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று தீவுப்பகுதி மீனவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானே அதைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். எழுதியதனால் எவருடைய வலையும் திரும்பி வரவில்லை. வெளிக்கடலில் வலையிழந்து களப்புக்குள் ஒதுங்கியவனிடம், மாதச் சம்பளம் வாங்கும் ஒருவன், விளையாட்டுக்குப் பிடித்த மீனை விட்டுவிடு என்கிறான். வள்ளம் அவனுடையது, எரிபொருள் அவனுடையது, களப்பும் அவனுடையது. எனக்கு உரியது அந்தப் பெட்டி மட்டுமே. அதுகூட மச்சான் தந்தது.

"உன்ரை விருப்பம் தம்பி" என்றேன்.

மீன் விலைப்பட்டது. பாதிப் பணத்தை என்னிடம் நீட்டினான்; நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, சிறகுவலையில் அகப்பட்ட இரண்டு கிலோ அளவான கொடுவா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தான். ஆண் மீனாகத்தான் இருக்கவேண்டும். பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தார்கள். ருசியாகவே இருந்தது, மறைப்பது நேர்மையன்று.

புறப்படும் நாளில் அந்தப் பெட்டியையும் தடியையும் தம்பிக்குக் கொடுத்தேன். பெட்டியை விரித்துப் பார்த்தவன் ஓர் அறை வெறுமையாக இருப்பதைக் கண்டான்.

"மாமா, அந்த வெள்ளைப் பெரிசைக் காணேல்லை?"

"அது ஞாபகத்துக்கு என்னட்டை இருக்கட்டும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. கையில் கிடைத்த பாரைக்கும் சீலாவுக்கும் மற்றப் பதினொன்றும் தாராளமாகப் போதும். பெருங்கொடுவாவின் வாய்க்கு அளவாயிருந்தது அந்த ஒன்றுதான். வெளிப்படையாகக் கேட்டுப் பெறமுடியாத ஒன்றை ஞாபகம் என்ற பெயரில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு தாய் மீனுக்கு ஒரு வருடம் கூடக் கிடைக்குமா, அல்லது ஒரு வீட்டின் ஒரு கிழமைச் சோற்றைத்தான் நான் தட்டிப் பறித்தேனா? இதை எழுதும்போது அது என் மேசையில், பேனைகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெள்ளை வயிற்றில் கொடுவாவின் பல் உரசிய தடம் இன்னும் இருக்கிறது.